கீறலைத் தேய்க்கலாமா, விடலாமா? கார் பளபளப்புக்குப் பின்னால் ஒரு மெல்லிய கணக்கு!

ஞாயிற்றுக்கிழமை காலை, அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங். பத்து நாளில் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவரப் போவது அப்பாவின் எட்டு வயதான நீல நிற கார்தான். ஆனால் பானெட்டின் மேல் குறுக்காக ஒரு கீறல். பூனையா, பக்கத்து வீட்டுச் சிறுவனின் சைக்கிளா என்று இன்றுவரை தெரியவில்லை.

கல்லூரியில் படிக்கும் மகன் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, தெருமுனை ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் வாங்கிவருகிறான். பக்கெட்டில் தண்ணீர், கையில் தாள். பத்து நிமிடம் தேய்த்ததும் கீறல் போய்விட்டது. கூடவே பளபளப்பும் போய்விட்டது. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக மங்கிக் கிடக்கிறது. பதறிப்போய் டூத் பேஸ்ட்டை வைத்துத் தேய்க்கிறான். துணியில் நீலம் ஒட்டுகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் நீலத்துக்குக் கீழேயிருந்து சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கிறது. பின்னால் காபி டம்ளருடன் அப்பா.

பல வீடுகளில் நடப்பதுதான் இது. வீடியோவில் அழகாக வந்த வேலை, வீட்டில் ஏன் இப்படி ஆனது? அதற்கு, கார் பெயின்ட் என்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முடியளவு தடிமனில் நான்கு அடுக்குகள்

காரின் தகட்டின் மேல் ஒரே ஒரு பெயின்ட் பூசப்படுவதில்லை. முதலில், துருப்பிடிக்காமல் இருக்க மின்சாரத்தின் உதவியோடு ஒட்டவைக்கப்படும் அடிப்பூச்சு. அதற்கு மேல் பிரைமர். அதற்கும் மேல்தான் நாம் பார்க்கும் நிறம், அதாவது பேஸ் கோட். எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணாடிபோல நிறமே இல்லாத கிளியர் கோட். மழை, வெயில், தூசி, பறவை எச்சம் என எல்லாவற்றையும் முதலில் தாங்குவது இந்தக் கடைசி அடுக்குதான். வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிக்கொள்ளும் பொருள்களும் இதில்தான் கலந்திருக்கின்றன.

இந்த நான்கும் சேர்ந்து எவ்வளவு தடிமன் இருக்கும்? ஃபேக்டரியிலிருந்து வரும் கார்களில் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஆக, மொத்த பெயின்ட்டுமே இரண்டு முடி தடிமன்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். அதாவது, ஒரு முடியைவிட மெல்லிய கவசம்!

இப்போது அந்த ஹார்டுவேர் கடைத் தாளுக்கு வருவோம். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது 400-ம் நம்பர். வாட்டர் பேப்பரில் நம்பர் ஏற ஏற, அதில் ஒட்டியிருக்கும் மணிகள் பொடியாகிக்கொண்டே போகும். பி400 தாளில் இருக்கும் ஒரு மணியின் சராசரி அளவு 35 மைக்ரான். அதாவது, அந்த காரின் கிளியர் கோட் மொத்தமாக எவ்வளவு தடிமனோ, கிட்டத்தட்ட அதே அளவு! கிளியர் கோட்டில் வேலை செய்ய வேண்டிய பி2000 தாளில் மணியின் அளவு சுமார் 10 மைக்ரான்தான். 400-ம் நம்பர், பட்டி பார்த்த இடத்தையும் பிரைமரையும் சமன்செய்யும் தாள். மகன் தவறு செய்த இடம் பார்க்கிங்கில் இல்லை. கடையில் நம்பர் பார்க்காமல் வாங்கிய அந்த நிமிடத்தில்.

பளபளப்பு என்பது என்ன?

காற்றில்லாத நேரத்தில் கோயில் குளத்தைப் பாருங்கள். கோபுரம் அப்படியே தலைகீழாகத் தெரியும். ஒரு கல்லைப் போட்டால் கோபுரம் உடைந்துவிடும். தண்ணீர் அதே தண்ணீர்தான். மேற்பரப்பு மட்டும்தான் மாறியது.

கார் பெயின்ட்டிலும் இதே கதைதான். மேற்பரப்பு சமமாக இருந்தால், விழும் ஒளி ஒரே ஒழுங்கில் திரும்பி வரும். முகம் பார்க்கலாம். நுண்ணிய கீறல்கள் நிறைந்திருந்தால் ஒளி பல திசைகளில் சிதறும். நம் கண்ணுக்கு அது மங்கலாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, சுமார் 0.4 முதல் 0.7 வரை. கீறல்களின் ஆழம் அதைவிடச் சிறியதாகிவிட்டால், அவை இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

இதனால்தான் பளபளப்பாக்கும் வேலை, பார்ப்பவர்களுக்கு விசித்திரமாகத் தெரிகிறது. மின்னும் பெயின்ட்டை முதலில் தேய்த்து மங்கலாக்குகிறார்கள். பெரிய கீறல்களை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரே அளவிலான சிறு கீறல்களைப் போடுகிறார்கள். அடுத்த தாளில் அவற்றை இன்னும் சிறிதாக்குகிறார்கள். கடைசியில் ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் சேர்ந்து, கண்ணுக்கே எட்டாத அளவுக்குக் கொண்டுபோகின்றன. ஆக, பளபளப்பு எங்கிருந்தோ வந்து சேர்வதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கிளியர் கோட்டைக் கொடுத்துத்தான் அதை வாங்குகிறோம்.

புது பெயின்ட்டை ஏன் தேய்க்கிறார்கள்?

டிங்கரிங் ஷெட்டில் பெயின்ட் அடித்த காரை, மறுநாளோ அதற்கடுத்த நாளோ வாட்டர் பேப்பரால் தேய்ப்பதைப் பார்த்து அதிர்ச்சியடையும் உரிமையாளர்கள் உண்டு. பயப்படத் தேவையில்லை. ஸ்பிரே கன்னில் அடித்த பெயின்ட், சொட்டுச் சொட்டாக விழுந்து ஒன்றோடொன்று கலந்து சமமாக வேண்டும். தின்னர் சீக்கிரம் ஆவியாகிவிட்டாலோ, பெயின்ட் கெட்டியாக இருந்தாலோ, கன்னைத் தள்ளிப் பிடித்து அடித்தாலோ, சமமாவதற்குள் காய்ந்துவிடும். மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத்தோல்போலப் புள்ளிபுள்ளியாக நிற்கும். தொழிலிலும் இதன் பெயர் 'ஆரஞ்சு பீல்'தான். சித்திரை வெயிலில், மூடிய பூத் இல்லாத ஷெட்டில் அடிக்கும்போது இந்தத் தொல்லை அதிகம். பறந்துவரும் தூசியும் சின்னப் பூச்சிகளும் ஈர பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும். அடித்தது அதிகமானால் கண்ணீர்போல ஒழுகி நிற்கும்.

இவற்றையெல்லாம் சமன்செய்வதற்குத்தான் இந்தத் தேய்ப்பு. இதைத் திட்டமிட்டே, கிளியர் கோட்டை ஒரு கோட் கூடுதலாக அடிக்கும் பெயின்ட்டர்களும் உண்டு. ஃபேக்டரி பெயின்ட்டில் அந்தக் கூடுதல் கோட் கிடையாது. ஷெட்டில் நடக்கும் வேலையை அப்படியே ஃபேக்டரி பெயின்ட்டில் செய்து பார்ப்பது ஆபத்தாவது இதனால்தான்.

தண்ணீரில் நனையும் தாள் வந்த கதை

உப்புத்தாளைத் தண்ணீரில் போட்டால் ஊறி, மணி உதிர்ந்துவிடும். தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் தூசி பறக்கும், தாள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இதற்குத் தீர்வு, தண்ணீருக்கு அசையாத தாள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மை தயாரித்துவந்த ஃபிரான்சிஸ் ஓக்கி என்பவரின் கண்டுபிடிப்பு அது. அதை வாங்கி, 1921-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது 3எம் நிறுவனம். கார் பெயின்ட் அடிக்கும் பட்டறைகள்தான் முக்கிய வாடிக்கையாளர்கள்.

அந்தத் தாளின் மாதிரிகளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போன 3எம் ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, அங்கே இன்னொரு பிரச்னையைப் பார்த்தார். அப்போது இரட்டை நிற கார்கள் ஃபேஷன். ஒரு நிறத்தை மறைக்க ஒட்டிய காகிதத்தைப் பிரிக்கும்போது, பெயின்ட்டும் சேர்ந்து உரிந்துவந்தது. பெயின்ட்டர்கள் திட்டித் தீர்த்தார்கள். அதைக் கேட்ட ட்ரூ, 1925-ல் கொண்டுவந்ததுதான் மாஸ்கிங் டேப். இன்றைக்கும் ஒரு பெயின்ட்டரின் கையில் இந்த இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன: வாட்டர் பேப்பர், மாஸ்கிங் டேப்.

சரியான முறை என்ன?

முதலில் நகச் சோதனை. கீறலுக்குக் குறுக்காக விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் சிக்காமல் போனால், கீறல் பெரும்பாலும் கிளியர் கோட்டின் மேலேயே இருக்கிறது. நகம் சிக்கினால் ஆழமான கீறல். தேய்த்து எடுக்க நினைத்தால் கிளியர் கோட் முழுவதும் போய்விடும். அப்படிப்பட்டதை டச்-அப் பெயின்ட் வைத்து நிரப்பலாம், அல்லது பெயின்ட்டரிடம் விட்டுவிடலாம்.

அடுத்த விதி, லேசானதிலிருந்து தொடங்குவது. முதலில் பாலிஷ் போட்டுப் பாருங்கள். போகவில்லையென்றால் ரப்பிங் காம்பவுண்ட். அதற்கும் போகவில்லையென்றால் மட்டுமே வாட்டர் பேப்பர். பல கீறல்கள் முதல் இரண்டு படிகளிலேயே அடங்கிவிடும். வாட்டர் பேப்பர்தான் வேண்டும் என்றால், வரிசை இதுதான்.

* கழுவுதல்: ஷாம்பு போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். ஒரே ஒரு மணல் துகள் தாளுக்கு அடியில் சிக்கினாலும், புதுக் கீறல் நீங்களே போட்டதாகிவிடும். ஒட்டிப்பிடித்த அழுக்குக்கு கிளே பார் உண்டு.

* மறைத்தல்: ஓரங்கள், மடிப்புக் கோடுகள், ரப்பர் பீடிங், பிளாஸ்டிக் பாகங்கள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும்.

* ஊறவைத்தல்: பி2000 அல்லது அதைவிட நைஸான தாளை, இரண்டு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். தாள் இளகும், வழுக்கிக்கொண்டு ஓடும்.

* தேய்த்தல்: தாளை விரலால் அழுத்தக் கூடாது. விரல்கள் இருக்கும் இடத்தில் மட்டும் பள்ளம் விழும். ரப்பர் பிளாக்கில் சுற்றிக்கொள்ள வேண்டும். நேர்க்கோட்டில், லேசான அழுத்தத்தில், தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். வட்டமாகச் சுற்றக் கூடாது.

* துடைத்துப் பார்த்தல்: சில முறை தேய்த்ததும் துடைத்துக் காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் எல்லாமே மின்னும், உண்மை தெரியாது. மங்கிய பரப்பில் மின்னும் புள்ளிகள் இருந்தால், தாள் இன்னும் தொடாத பள்ளங்கள் அவை. தேய்த்த தண்ணீர் பால்போல வெள்ளையாக ஓடினால், போவது கிளியர் கோட் மட்டுமே. தண்ணீரில் காரின் நிறம் தெரிந்தால், அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். கிளியர் கோட் இல்லாத பழைய வகை பெயின்ட் என்றால் மட்டும் தொடக்கத்திலேயே நிறம் வரும்.

* அடுத்த நம்பர்: பி2000 முடிந்ததும் 3000. திசையை மாற்றி, குறுக்காகத் தேய்த்தால், முந்தைய தாளின் கோடுகள் போய்விட்டனவா என்று கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு தாளுக்கும் இடையில் கழுவுவது கட்டாயம்.

* காம்பவுண்டும் பாலிஷும்: பஃபிங் மெஷினில் முதலில் காம்பவுண்ட், பிறகு மிருதுவான ஃபோம் பேடில் பாலிஷ். மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறி பெயின்ட் எரிந்துவிடும். ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாகப் பழகுபவர்களுக்கு ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரியைவிட, சுற்றிக்கொண்டே ஆடும் டூயல் ஆக்‌ஷன் மெஷின் பாதுகாப்பானது. வேலை முழுவதும் நிழலில், பானெட் குளிர்ந்திருக்கும்போது நடக்க வேண்டும்.

கடைசியாக வேக்ஸ் அல்லது சீலன்ட். புதிதாக பெயின்ட் அடித்த கார் என்றால் வேக்ஸுக்கு அவசரப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் தின்னர் முழுவதும் வெளியேறச் சில வாரங்கள் ஆகலாம். எத்தனை நாள் என்பதை பெயின்ட்டரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

தொடக் கூடாத இடங்கள்

கதவின் விளிம்பு, பானெட்டின் மடிப்புக் கோடு போன்ற கூர்மையான இடங்களில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும். அழுத்தமும் அங்கேதான் குவியும். அனுபவசாலிகளே அங்கே தாளை வைக்கத் தயங்குவார்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூடு சீக்கிரம் பரவாது, அங்கேயே தங்கிவிடும். மேட் ஃபினிஷ் கார்களில் பாலிஷே போடக் கூடாது. போட்டால் அந்த இடம் மட்டும் பளபளக்கும், அதைத் திரும்ப மேட்டாக்க முடியாது. ஏற்கெனவே மறு பெயின்ட் அடித்த பாகம் எது என்று தெரியாவிட்டால், பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி வைத்திருக்கும் டீட்டெய்லிங் கடையில் ஒருமுறை பார்த்துவிடுவது உத்தமம்.

பழைய கார் வாங்குகிறீர்களா?

விற்பனைக்கு நிற்கும் பழைய கார்கள் எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கீறலை நிஜமாகவே எடுத்தது. இன்னொன்று, எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸைத் தடவி, கீறலை நிரப்பி மறைத்தது. நாலைந்து வாட்டர் வாஷில் இரண்டாவது வகையின் சாயம் வெளுத்துவிடும்.

அதனால் காரைக் கூரைக்கு அடியில் மட்டும் பார்க்காதீர்கள். வெயிலில் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலைபோல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிந்தால், அவை தவறாகத் துடைத்ததாலோ, அவசரமாக பஃபிங் செய்ததாலோ வந்தவை. தடிமன் கருவி இருந்தால் ஒவ்வொரு பாகத்திலும் வைத்துப் பாருங்கள். ஒரு கதவு மட்டும் மற்றவற்றைவிட இருமடங்கு காட்டினால், மறு பெயின்ட் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். பல மடங்கு காட்டினால் உள்ளே பட்டி இருக்கலாம். எதிர்மாறாக, மற்ற பாகங்களைவிட மிகக் குறைவாகக் காட்டினாலும் எச்சரிக்கை தேவை. பளபளப்புக்காக யாரோ கிளியர் கோட்டைத் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். இன்றைக்கு மின்னும், சில கோடைகளில் வெளிறி, தோல் உரிவதுபோல உரியத் தொடங்கும்.

கீறல் வருவதே வீட்டில்தான்!

கார் தேய்ப்புக்குப் போக வேண்டிய நிலை, பெரும்பாலும் நம் பழக்கங்களால்தான் வருகிறது. விடியற்காலையில், தூசி படிந்த காரைக் காய்ந்த துணியால் துடைப்பது முதல் குற்றவாளி. அந்தத் தூசியில் இருப்பது மணல். துணியோடு சேர்ந்தால் அதுவும் ஒரு வாட்டர் பேப்பர்தான். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிவிட்டு, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

ஆயுத பூஜைக்கு பானெட்டில் வைக்கும் சந்தனமும் குங்குமமும் வாரக்கணக்கில் காய்ந்து கிடந்தால் கறை இறங்கும். காய்ந்ததைச் சுரண்டாமல், ஈரத் துணியை மேலே போட்டு ஊறவிட்டு எடுங்கள். கல்யாண காரில் பூ அலங்காரத்துக்கு செல்லோ டேப்பை நேராக பெயின்ட்டில் ஒட்ட விடாதீர்கள். பறவை எச்சத்தை அன்றே கழுவுங்கள். போர்வெல் தண்ணீரில் கழுவினால் வெயிலில் காயவிடாமல் உடனே துடையுங்கள். இல்லையென்றால் உப்புப் புள்ளிகள் நின்றுவிடும்.

தேய்ப்பவரின் மூச்சு

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இன்றைய கிளியர் கோட்டில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஸ்பிரே செய்யும்போது இதைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரலாம் என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்த உண்மை. முகத்தில் கட்டும் கைக்குட்டை இதைத் தடுக்காது. உலர்ந்த தேய்ப்பில் பறக்கும் தூசியும் நுரையீரலுக்கு நல்லதல்ல. தண்ணீர் விட்டுத் தேய்ப்பது பெயின்ட்டுக்கு மட்டுமல்ல, தேய்ப்பவருக்கும் பாதுகாப்பு. கார் விடும் ஷெட்டில் பெயின்ட்டர் முறையான மாஸ்க் போட்டிருக்கிறாரா என்று ஒரு பார்வை பாருங்கள். நம் காரின் பளபளப்புக்கு அவர் நுரையீரல் விலையாகக் கூடாது.

அந்த நீல கார் என்ன ஆனது?

அப்பா திட்டவில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டு, மகனையே ஓட்டச் சொல்லி, வழக்கமான ஷெட்டுக்குப் போனார். பெயின்ட்டர் பானெட்டில் கையை வைத்துப் பார்த்தார்.

"எத்தனாம் நம்பர் தாள்ல தேய்ச்சீங்க தம்பி?"

"நானூறுண்ணே..."

"கீறலை யாராலயும் எடுக்க முடியாது தம்பி. அதைச் சுத்தி இருக்கறதைத்தான் எடுக்க முடியும். சுத்தி எவ்ளோ இருக்குன்னு பார்த்துட்டுத்தான் கையை வைக்கணும்."

இனி தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை. பானெட் முழுவதற்கும் பெயின்ட் அடித்தாக வேண்டும். கல்யாணச் செலவில் இன்னொரு வரி கூடியது. மூன்றாம் நாள், கிளியர் கோட் காய்ந்த பானெட்டில் 2000 தாளைப் பிளாக்கில் சுற்றி, பெயின்ட்டர் மகன் கையில் கொடுத்தார். அவன் நாலு முறை தேய்த்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"போதும். துடைச்சுப் பாருங்க."

தேய்க்கக் கற்றுக்கொள்வதில் பாதி, எப்போது நிறுத்துவது என்று தெரிந்துகொள்வதுதான். உங்கள் காரிலும் நகத்தில் சிக்காத ஒரு மெல்லிய கோடு இருக்கிறதா? முதலில் பாலிஷ் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் வெயிலில் குனிந்து உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது என்றால், அதை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு கோடு இருந்தாலும் பரவாயில்லை, அதைச் சுற்றியிருக்கும் கிளியர் கோட் காருக்கு இன்னும் பல கோடைகளுக்குத் தேவை.